பென்குயின் முட்டையைத் தேடிப் போன டாக்டர்



குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் உறையும் தட்டுக்குள் கையை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. விரல் நுனி வலிக்கத் தொடங்கிவிடும். அங்கே இருப்பது சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிர்தான். அதற்கும் கீழே இன்னும் 40 டிகிரி இறங்கினால் எப்படி இருக்கும்? அதோடு பகல் என்பதே இல்லாத இருட்டு. ஆளைத் தூக்கி எறியும் புயல் காற்று. அப்படிப்பட்ட இடத்தில், உறைந்த கடலின் மேல் வெறும் காலோடு நின்றபடி, ஒரு வாய் உணவும் இல்லாமல் முட்டையை அடைகாக்கிறது ஒரு பறவை. அதுதான் பேரரசப் பென்குயின். பென்குயின்களிலேயே மிகப் பெரியது.

அந்தப் பறவை அங்கே எப்படி வாழ்கிறது என்று பார்ப்பதற்காக, அதே இருட்டில், அதே குளிரில், நடந்தே போனார் ஒரு டாக்டர். அவர் பெயர் எட்வர்டு வில்சன். தென் துருவத்துக்குப் போய்த் திரும்பி வரும் வழியில் உயிர் விட்ட ஸ்காட் குழுவைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த ஐவரில் ஒருவர்தான் வில்சன். பாடப் புத்தகத்தில் அவர் பெயர் ஒரு வரியோடு முடிந்துவிடும். ஆனால் அவருடைய கதை ஒரு வரியில் அடங்குவது இல்லை.

இங்கிலாந்தில் செல்ட்டனம் என்று ஓர் ஊர். அங்கே 1872-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி வில்சன் பிறந்தார். தந்தை மருத்துவர். வீட்டில் பத்துப் பிள்ளைகள். ஊருக்கு வெளியே அவர்கள் குத்தகைக்கு எடுத்திருந்த பண்ணை ஒன்று இருந்தது. பள்ளி விடுமுறை விட்டால் போதும், சிறுவன் வில்சன் அங்கேதான் கிடப்பான். எந்தப் புதரில் எந்தப் பறவை கூடு கட்டியிருக்கிறது, எந்த வளையில் நரி குட்டி போட்டிருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பார்த்ததை உடனே படமாக வரைந்துவிடுவான். ஓவியம் கற்றுக்கொடுக்க அவனுக்குத் தனி ஆசிரியர் யாரும் இல்லை. பார்ப்பது, வரைவது, தவறு இருந்தால் திரும்பவும் போய்ப் பார்ப்பது, திரும்பவும் வரைவது. இப்படித்தான் கற்றுக்கொண்டான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படித்து முதல் வகுப்பில் தேறினார். பிறகு லண்டனில் மருத்துவம் படித்தார். படித்துக்கொண்டிருந்தபோதே, 1898-இல் அவருக்குக் காசநோய் வந்தது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்றும் ஓய்வும்தான் சிகிச்சை. நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் மாதக்கணக்கில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. பனி மூடிய மலைகளையும் பறவைகளையும் வரைந்துகொண்டே இருந்தார். 1900-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அந்தச் சமயத்தில் கடற்படை அதிகாரி ராபர்ட் ஸ்காட், 'டிஸ்கவரி' என்ற கப்பலில் அண்டார்டிகாவுக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். கப்பலுக்கு ஓர் இளைய மருத்துவர் வேண்டும். விலங்குகளைப் பற்றித் தெரிந்தவராக இருக்க வேண்டும். படம் வரையவும் தெரிய வேண்டும். மூன்றும் ஒருவரிடமே இருந்தால் எவ்வளவு வசதி! ஆனால் உடல் தகுதித் தேர்வில், காசநோய் வந்துபோன வில்சனைத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஸ்காட் விடவில்லை. நோயைப் பொருட்படுத்தாமல் அவரைச் சேர்த்துக்கொண்டார். 1901 ஜூலையில் ஒரியானா என்ற பெண்ணை வில்சன் மணந்தார். மூன்றே வாரத்தில், ஆகஸ்டு மாதம், கப்பல் ஏறிவிட்டார்.

அண்டார்டிகாவில் ராஸ் தீவு என்று ஒரு தீவு இருக்கிறது. எரிமலைகள் உள்ள தீவு. அதன் கிழக்கு முனைக்குக் கேப் குரோசியர் என்று பெயர். 1902 அக்டோபரில் டிஸ்கவரி குழுவில் சிலர் அந்தப் பக்கம் போனபோது, செங்குத்தான பாறைக்குக் கீழே, உறைந்த கடலின் மேல் பேரரசப் பென்குயின்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தார்கள். கால்களுக்கு நடுவே குஞ்சுகள்! இந்தப் பறவை குஞ்சு பொரிக்கும் இடத்தை அதுவரை மனிதர் யாரும் கண்டதில்லை. செய்தி கேட்ட வில்சனுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி.

ஆனால் உடனே போக முடியவில்லை. ஸ்காட், ஷாக்கிள்டன் ஆகிய இருவரோடு தெற்கு நோக்கிச் சறுக்கு வண்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. மூவரும் 1902 டிசம்பர் 30 அன்று, அதற்கு முன் யாரும் போகாத அளவு தெற்கே போய்ச் சேர்ந்தார்கள். போகிற வழியெல்லாம் படம் வரைந்ததால், பனியில் பட்டுத் தெறித்த வெயில் வில்சனின் கண்களைப் பதம் பார்த்துவிட்டது. கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் வலி. கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு, குருடரைப்போல வண்டியை இழுத்தபடி நடந்தார்.

அவர் படம் வரைந்த முறையைச் சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அந்தக் குளிரில் வண்ணம் தீட்ட முடியாது. தூரிகையில் தண்ணீர் உறைந்துவிடும். அதனால் வெளியே பென்சிலால் கோடு மட்டும் போடுவார். எங்கே என்ன நிறம் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்வார். கையுறையைக் கழற்றிச் சில கோடுகள், விரல் மரத்ததும் மறுபடி கையுறை, மறுபடி சில கோடுகள். தங்கும் இடத்துக்கு வந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் வண்ணம் சேர்ப்பார். ஓவியப் போட்டிக்குப் போகும்போது வண்ணப் பென்சில் ஒன்று குறைந்தால் முகம் சுளிக்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

1903 செப்டம்பரில் வில்சன் கேப் குரோசியருக்குப் போனார். முட்டைகள் கிடைக்கும் என்று நினைத்துப் போனவருக்கு ஓர் அதிர்ச்சி. குஞ்சுகள் ஏற்கெனவே பொரித்துவிட்டிருந்தன! அப்படியானால் முட்டையிட்டது எப்போது? விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நடு குளிர்காலம்! உலகத்தில் மற்றப் பறவைகள் பல இளவேனிலுக்குக் காத்திருந்து முட்டையிட, இந்தப் பறவை மட்டும் சூரியனே எழாத காலத்தில், உலகத்திலேயே மிகக் கொடிய குளிரில் முட்டையிடுகிறது.

ஏன் அப்படி? அதற்கும் விடை இருக்கிறது. இந்தப் பறவையின் குஞ்சு வளரப் பல மாதங்கள் ஆகும். கோடையில் கடற்பனி உடைந்து, உணவு நிறைந்த கடல் அருகே வரும் நேரத்தில் குஞ்சு நீந்தத் தயாராக இருக்க வேண்டும். அப்படியானால் குளிர்காலத்திலேயே முட்டையிட்டால்தான் கணக்குச் சரியாக வரும்.

வில்சன் அங்கே இன்னொன்றையும் கவனித்தார். கூடு என்று எதுவும் இல்லை. பறவையின் இரண்டு பாதங்கள்தான் கூடு. குஞ்சு பாதங்களின் மேல் உட்கார்ந்திருக்கும். வயிற்றின் அடிப்பக்கத் தோல் ஒரு மடிப்பாக இறங்கி, கம்பளிப் போர்வைபோல் அதை மூடிக்கொள்ளும். குஞ்சை இழந்த பறவைகள் மற்றக் குஞ்சுகளைப் பிடிக்கப் பாய்ந்தன. ஒன்றோடொன்று இழுத்துச் சண்டையிட்டதில் சில குஞ்சுகள் மிதிபட்டுச் செத்தும் போயின. இதையெல்லாம் படங்களோடு அவர் எழுதிய அறிக்கை 1907-இல் அச்சானது. பேரரசப் பென்குயினின் வாழ்க்கையை உலகத்துக்கு முதன்முதலில் விரிவாகச் சொன்னது அதுதான்.

ஊர் திரும்பிய வில்சன் பென்குயின்களை மறக்கவில்லை. மெக்குவாரி தீவில் அந்த நாளில் பென்குயின்களைப் பிடித்து, பெரிய கொப்பரைகளில் இட்டு, எண்ணெய் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தார்கள். 1905-இல் லண்டனில் பறவை அறிஞர்கள் கூடிய மாநாட்டில் அந்தக் கொடுமைக்கு எதிராக அவர் குரல் கொடுத்தார். அந்தத் தீவில் எண்ணெய் காய்ச்சும் தொழில் பின்னாளில் நிறுத்தப்பட்டது.

இனி, முக்கியமான பயணத்துக்கு வருவோம்.

1910-இல் ஸ்காட் மறுபடியும் புறப்பட்டார். இம்முறை கப்பலின் பெயர் 'டெர்ரா நோவா'. விஞ்ஞானிகள் குழுவுக்கு வில்சன்தான் தலைவர். இளைஞர்கள் எல்லோரும் அவரை 'பில் மாமா' என்று அழைப்பார்கள். சண்டை வந்தாலும், மனம் சோர்ந்தாலும், காலில் கொப்புளம் வந்தாலும் பில் மாமாவிடம்தான் ஓடுவார்கள். அவர் மனத்தில் இருந்ததோ அந்த முட்டை.

முட்டை எதற்கு? அந்தக் கால விஞ்ஞானிகளில் பலர், பறவைகளிலேயே மிகப் பழமையானது பென்குயின்தான் என்று நம்பினார்கள். முட்டைக்குள் வளரும் கருவானது, தன் முன்னோர் எப்படி எப்படி மாறி வந்தார்களோ அந்தப் படிகளை எல்லாம் மறுபடி கடந்து வளரும் என்றும் நம்பினார்கள். ஆகவே பேரரசப் பென்குயினின் கருவைப் பார்த்தால், ஊர்வனவற்றின் செதில் எப்படிப் பறவையின் இறகாக மாறியது என்பது தெரிந்துவிடும் என்று வில்சன் எண்ணினார். அதற்குப் பொரிக்கும் நிலைக்கு வராத முட்டை வேண்டும். நடு குளிர்காலத்தில் போனால்தான் அது கிடைக்கும்.

1911 ஜூன் 27 அன்று மூன்று பேர் புறப்பட்டார்கள். வில்சனுக்கு அப்போது 38 வயது. இரண்டாமவர் பவர்ஸ். குட்டையானவர், ஆனால் இரும்பு உடம்பு. நம் நாட்டை ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இந்தியக் கடற்பணியில் வேலை பார்த்தவர். நீண்ட மூக்கு இருந்ததால் நண்பர்கள் அவரைச் செல்லமாகப் 'பறவை' என்று கூப்பிட்டார்கள். மூன்றாமவர் செர்ரி காரார்ட், 25 வயது இளைஞர். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் சரியாகத் தெரியாது. அந்தக் குளிரிலோ கண்ணாடியில் மூச்சுக் காற்று பட்டதும் உறைந்துவிடும். எனவே பெரும்பாலான வழியைக் கண்ணாடி இல்லாமலே தட்டுத் தடுமாறி நடந்தார்.

போக வேண்டிய தூரம் சுமார் 100 கிலோ மீட்டர். சறுக்கு வண்டிகளில் கிட்டத்தட்ட 340 கிலோ சாமான். நாய்களும் இல்லை, குதிரைகளும் இல்லை; மூவரும் தாங்களே இழுத்தார்கள். பனி மணல்போல் சொரசொரவென்று இருந்ததால் இரண்டு வண்டிகளையும் சேர்த்து இழுக்க முடியவில்லை. ஒன்றை இழுத்துப் போய் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து இன்னொன்றை இழுக்க வேண்டும். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடக்க வேண்டும். இருட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கள் காலடித் தடத்தையே தேடித் தேடி நடந்தார்கள்.

குளிர் மைனஸ் 60 டிகிரியைத் தாண்டியது. ஒரு நாள் காலை செர்ரி காரார்ட் கூடாரத்தை விட்டு வெளியே வந்து, தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தார். அவ்வளவுதான்! வியர்வை ஊறியிருந்த சட்டை அப்படியே உறைந்துவிட்டது. தலையைக் குனிய முடியவில்லை. நான்கு மணி நேரம் தலையை நிமிர்த்தியபடியே வண்டி இழுத்தார். அதன் பிறகு வெளியே வந்ததும் வண்டி இழுப்பதற்கு ஏற்றபடி குனிந்து நின்றுகொள்வார்களாம். சட்டை அந்த வடிவத்தில் உறையட்டும் என்று! படுக்கும் பை, அவர்கள் உடம்பிலிருந்து வந்த ஈரத்தால் உறைந்து பலகைபோல் ஆனது. முதலில் 8 கிலோ இருந்த ஒரு பை, திரும்பி வரும்போது 20 கிலோ ஆகியிருந்தது. அத்தனையும் பனிக்கட்டி.

மனிதனுக்கு இந்தக் கதி. பென்குயினுக்கு மட்டும் ஏன் சட்டை உறையவில்லை?

முதல் காரணம், அதற்கு வியர்ப்பதில்லை. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அடுத்தது, அதன் இறகுச் சட்டை. மேலே விறைப்பான சிறு இறகுகள், வீட்டுக் கூரையின் ஓடுகளைப்போல ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். வாலின் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து அவற்றின் மேல் பூசிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்காது. அந்த ஓடுகளுக்குக் கீழே மென்மையான பஞ்சு இறகுகள். மேல் இறகுகளைவிட இந்தப் பஞ்சு இறகுகளின் எண்ணிக்கைதான் பல மடங்கு அதிகம் என்று 2015-இல் விஞ்ஞானிகள் எண்ணிக் காட்டினார்கள். அவற்றுக்குள் காற்று சிக்கிக்கொள்கிறது. அசையாத காற்றைத் தாண்டி வெப்பம் எளிதில் போகாது. உடம்பின் சூடு உள்ளேயே நிற்கும். இறகின் வெளிப்பக்கமோ, சுற்றியிருக்கும் காற்றைவிடக்கூடக் குளிர்ந்திருக்கிறது என்று 2013-இல் அளந்து பார்த்தார்கள். சூடு மிகக் குறைவாகவே வெளியே கசிகிறது என்றால் எப்படிப்பட்ட சட்டை என்று பாருங்கள்! இறகுக்குக் கீழே, தோலுக்கு அடியில் இரண்டு மூன்று சென்டி மீட்டர் கனத்துக்குக் கொழுப்பு. அது போர்வையும் ஆகும், பட்டினிக் காலத்தில் உணவும் ஆகும்.

கொழுப்பைப் பற்றி வில்சனும் ஒரு சோதனை செய்தார். அந்தப் பயணத்தில் ஒருவர் அதிகமாக இறைச்சிக் கலவை உண்பது, ஒருவர் அதிகமாகப் பிஸ்கட் உண்பது, வில்சன் அதிகமாக வெண்ணெய் உண்பது என்று ஏற்பாடு. பிஸ்கட்காரருக்கு எப்போதும் பசி, குளிரும் தாங்கவில்லை. வில்சனாலோ அவ்வளவு வெண்ணெயையும் தின்ன முடியவில்லை. கடைசியில் பங்கு போட்டுச் சரிசெய்துகொண்டார்கள். குளிர் நாட்டில் உடம்பு கொழுப்பைக் கேட்கிறது.

19 நாள் நடந்து, ஜூலை 15 அன்று கேப் குரோசியரை அடைந்தார்கள். மலைச் சரிவில் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன் மேல் கித்தான் துணியைக் கூரையாகப் போட்டுக் குடிசை கட்டினார்கள். கீழே கடலுக்கு இறங்க வேண்டும். நடுவே, அழுத்தத்தால் நொறுங்கி வீடு வீடாக எழும்பி நிற்கும் பனிக்கட்டிக் குவியல்கள். முதல் முறை இறங்கியபோது வழி கிடைக்கவில்லை. பறவைகளின் கத்தல் மட்டும் காதில் விழுந்தது. வந்த வழியே திரும்பினார்கள். இரண்டாம் முறை, பனிக்குள் ஒரு நரி மட்டுமே நுழையக்கூடிய அளவு துளை ஒன்றில் ஊர்ந்து நுழைந்து, கடற்பனியில் இறங்கினார்கள்.

அங்கே நின்றுகொண்டிருந்தன பேரரசப் பென்குயின்கள். சுமார் நூறு பறவைகள். நடு குளிர்காலத்தில் அவை அடைகாப்பதை முதன்முதலில் பார்த்த மனிதர்கள் அந்த மூவர்தாம். பறவைகள் முட்டையைப் பாதத்தில் வைத்தபடியே தத்தித் தத்தி நகர்ந்தன. முட்டை கிடைக்காத சில பறவைகள் என்ன செய்தன தெரியுமா? முட்டை அளவுள்ள பனிக்கட்டியைப் பாதத்தில் வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தன! இருட்டில் அதை முட்டை என்று எடுத்து ஏமாந்து போனார்கள் வந்தவர்கள்.

பனிக்கட்டியின் மேலேயே நிற்கும் பாதம் ஏன் உறைவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதயத்திலிருந்து காலுக்குச் சூடான இரத்தம் போகும் குழாயும், காலிலிருந்து குளிர்ந்த இரத்தம் திரும்பும் குழாய்களும் ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. போகிற இரத்தம் தன் சூட்டைத் திரும்பி வருகிற இரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் பாதத்துக்குப் போய்ச் சேரும்போது அது குளிர்ந்தே இருக்கிறது. பாதம் உறையும் நிலைக்குச் சற்றே மேலே நிற்கும். பனிக்கட்டியில் வீணாகப் போகும் சூடு மிகக் குறைவு. உடம்புக்குத் திரும்பும் இரத்தமோ சூடேறி வருகிறது. மூக்கிலும் இதே சிக்கனம்தான். வெளியே போகும் மூச்சின் சூட்டில் பெரும்பகுதியை மூக்கின் உட்பகுதி பிடித்து வைத்துக்கொள்கிறது. பறவை இன்னும் குளிர்ந்தால் குதிகாலில் சாய்ந்து, விறைத்த வாலை ஊன்றி, விரல்களை மேலே தூக்கிக்கொள்ளும்.

பெரிய உடம்பாக இருப்பதும் ஓர் உதவி. டம்ளரில் வைத்த வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும். அண்டாவில் உள்ளது வெகுநேரம் சுடும். ஒரு மீட்டருக்கு மேல் உயரமும் 40 கிலோ வரை எடையும் உள்ள இந்தப் பறவை ஓர் அண்டா மாதிரி.

வில்சன் ஐந்து முட்டைகளை எடுத்தார். மூன்று பறவைகளைக் கொன்று, அடுப்புக்குக் கொழுப்பும் எடுத்துக்கொண்டார்கள். கையுறைகளில் முட்டைகளை வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறும்போது, கண் தெரியாத செர்ரி காரார்ட் தடுமாறியதில் அவரிடம் இருந்த இரண்டு முட்டைகளும் உடைந்தன. மிச்சம் மூன்று. அன்று இரவு கொழுப்பு அடுப்பிலிருந்து கொதிக்கும் எண்ணெய் தெறித்து வில்சனின் கண்ணில் பட்டது. இரவு முழுவதும் வலியில் முனகினார்.

ஜூலை 22 அன்று புயல் அடித்தது. குடிசைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த கூடாரத்தைக் காற்று அப்படியே பிடுங்கிக்கொண்டு போனது. கூடாரம் இல்லாமல் அந்தக் குளிரில் ஊர் திரும்பவே முடியாது. மறுநாள் ஜூலை 23. வில்சனின் 39-ஆவது பிறந்த நாள்! அன்றைக்கு அவருக்குக் கிடைத்த பரிசு, குடிசையின் கித்தான் கூரையும் சுக்குநூறாகக் கிழிந்து பறந்ததுதான். மேலே திறந்த வானம், கொட்டும் பனி. மூவரும் படுக்கும் பைக்குள் புகுந்து, பனி தங்களை மூடட்டும் என்று கிடந்தார்கள். பாட்டுப் பாடினார்கள். மற்றவர் உயிரோடு இருக்கிறாரா என்று அவ்வப்போது ஒருவரை ஒருவர் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு நாள் சாப்பாடு இல்லை.

அவர்கள் இப்படிக் கிடந்தபோது, கீழே கடற்பனியில் பென்குயின்களுக்கும் அதே புயல்தான். இந்தப் பறவைகள் புயலில் என்ன செய்கின்றன என்பதை, 1950-களில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் வேறோர் இடத்தில் குளிர்காலம் முழுக்கத் தங்கிக் கண்டறிந்தார்கள். எல்லாப் பறவைகளும் நெருங்கி ஒரே கும்பலாக நிற்கும். காற்றுப் படும் ஓரத்தில் நிற்பவை மெல்ல மெல்ல நகர்ந்து மறுபக்கம் போகும். உள்ளே இருந்தவை ஓரத்துக்கு வரும். ஒரே பறவை எப்போதும் ஓரத்தில் நின்று அவதிப்படுவதில்லை. கும்பலின் நடுவே வெப்பம் 30 டிகிரிக்கும் மேலே ஏறிவிடும். மற்றப் பென்குயின் இனங்களில் கூட்டுக்காகச் சண்டை போடும் வழக்கம் உண்டு. பேரரசப் பென்குயினுக்குக் கூடும் இல்லை, எல்லையும் இல்லை. அதனால்தான் இப்படி ஒட்டி நிற்க முடிகிறது.

அடைகாப்பது அப்பா பென்குயின் மட்டுமே என்பதையும் பின்னால் வந்தவர்கள்தாம் உறுதி செய்தார்கள். முட்டையிட்டதும் அம்மா அதை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, கடலுக்கு உணவு தேடிப் போய்விடும். சுமார் 65 நாள் அப்பாதான் முட்டையோடு நிற்கும். கடலை விட்டு வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் அதற்குக் கிட்டத்தட்ட நான்கு மாதப் பட்டினி. எடையில் பாதிக்கு அருகே குறைந்துவிடும். அப்படியும், அம்மா திரும்பி வருவதற்குள் குஞ்சு பொரித்துவிட்டால், தன் தொண்டையில் சுரக்கும் பால் போன்ற ஒன்றைக் குஞ்சுக்கு ஊட்டும்.

புயல் கொஞ்சம் தணிந்ததும் மூவரும் இருட்டில் தேடிப் போனார்கள். சரிவுக்குக் கீழே, அரை மைல் தூரத்தில் கூடாரம் கிடந்தது, கிழியாமல்! உயிர் திரும்பக் கிடைத்ததைப்போல இருந்தது அவர்களுக்கு. திரும்பி வரும் வழியில் பவர்ஸ் இரவில் கூடாரத்தோடு தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் தூங்கினார். இனிக் கூடாரம் போனால் நானும் கூடவே போகிறேன் என்ற கணக்கு. ஆகஸ்டு 1 அன்று முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். உறைந்த உடைகளை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. குளிரில் அடித்துக்கொண்டதில் செர்ரி காரார்டின் பற்கள் நொறுங்கியிருந்தன. ஆனால் மூன்று முட்டைகளும் பத்திரம்.

மூன்று மாதம் கழித்து வில்சன் ஸ்காட்டோடு தென் துருவம் நோக்கிப் புறப்பட்டார். 1912 ஜனவரி 17 அன்று ஐவர் துருவத்தை அடைந்தபோது, அமுண்ட்சென் ஒரு மாதம் முன்பே வந்து நார்வே கொடியை நட்டுவிட்டுப் போயிருந்தார். மனம் உடைந்து திரும்பும் வழியிலும் வில்சன் பாறைகளைப் பார்த்தால் நின்றார். பியர்ட்மோர் பனியாற்றின் ஓரத்தில் பழங்கால இலைகள் பதிந்த கற்களைப் பொறுக்கினார். பசியால் சாகக் கிடந்தும், சுமார் 16 கிலோ கற்களைக் கடைசி வரை அவர்கள் வண்டியிலிருந்து இறக்கவில்லை. அதில் இருந்த இலையின் பெயர் குளோசாப்டெரிஸ். இதே இலை நம் இந்தியாவின் நிலக்கரிப் படிவங்களிலும் கிடைக்கிறது. ஒரு காலத்தில் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரே நிலமாக இருந்தன என்பதற்கு அந்தக் கற்களும் சாட்சியாயின.

எவன்ஸ், ஓட்ஸ் இருவரும் வழியிலேயே இறந்தார்கள். உணவுக் கிடங்குக்கு 11 மைல் தூரம் இருக்கும்போது புயலில் சிக்கி, ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூவரும் கூடாரத்துக்குள்ளேயே மார்ச் மாத இறுதியில் உயிர் விட்டார்கள். நவம்பர் 12 அன்று தேடி வந்த குழு அவர்களைக் கண்டெடுத்தது. அந்தக் குழுவில் செர்ரி காரார்டும் இருந்தார். கணவரை வரவேற்க நியூசிலாந்துக்கு வந்திருந்த ஒரியானாவுக்கு 1913 பிப்ரவரியில்தான் செய்தி தெரிந்தது.

அந்த மூன்று முட்டைகள் என்ன ஆயின?

செர்ரி காரார்ட் 1913-இல் அவற்றை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனார். அங்கே இருந்தவர்கள் அவரைக் காக்க வைத்து, அலட்சியமாகவே வாங்கிக்கொண்டார்கள். முட்டைக்குள் இருந்த கருக்கள் ஓர் ஆய்வாளரிடமிருந்து இன்னோர் ஆய்வாளருக்குக் கைமாறின. 1934-இல்தான் முழு அறிக்கை வந்தது. செதில் இறகாக மாறிய ரகசியம் அதில் இல்லை. பென்குயின் பழமையான பறவையும் அல்ல. பறந்துகொண்டிருந்த பறவைகளிலிருந்து வந்து, வானத்தை விட்டுக் கடலைத் தேர்ந்துகொண்ட பறவை அது. இறக்கை துடுப்பானது. மற்றப் பறவைகளுக்கு எடை குறைந்த, உள்ளே வெற்றிடம் கொண்ட எலும்பு இருக்க, பென்குயினுக்கு முக்குளிப்பதற்கு வசதியாகக் கனமான எலும்பு. கடல் தண்ணீரோடு வரும் உப்பைப் பிரித்து மூக்கு வழியாக வெளியேற்றக் கண்ணுக்கு மேலே ஒரு சுரப்பி. மேலிருந்து பார்க்கும் எதிரிக்கு இருண்ட கடலோடு கலந்துவிடும் கறுப்பு முதுகு. கீழிருந்து பார்த்தால் வெளிச்சத்தோடு கலந்துவிடும் வெள்ளை வயிறு. தசைகளில் ஆக்சிஜனைச் சேமித்துக்கொண்டு, 500 மீட்டருக்கும் கீழே முங்கி, 20 நிமிடத்துக்கும் மேல் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். முட்டைக்குள் கிடைக்காத விடைகள் எல்லாம் பறவையிடமே இருந்தன. அவற்றைத் தேடும் வேலையைத் தொடங்கி வைத்தது வில்சனின் பென்சில்.

செர்ரி காரார்ட் 1922-இல் அந்தப் பயணத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். செல்ட்டனம் நகரில் வில்சனுக்குச் சிலை இருக்கிறது. அதைச் செதுக்கியவர் ஸ்காட்டின் மனைவி கேத்லீன்.

கடற்பனி இருந்தால்தான் இந்தப் பறவைக்கு வாழ்வு. 2001-இல் பி-15 என்ற மாபெரும் பனிமலையிலிருந்து பிரிந்த துண்டு கேப் குரோசியர் பக்கம் வந்து மோதியதில் அங்கே குஞ்சுகள் பிழைக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகே அந்தக் கூட்டம் தலையெடுத்தது. 2022-இல் அண்டார்டிகாவின் வேறொரு பக்கத்தில், பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில், பனி முன்னதாகவே உடைந்துவிட்டது. அங்கே ஐந்து கூட்டங்களில் நான்கில் குஞ்சுகள் தப்பவில்லை என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து விஞ்ஞானிகள் சொன்னார்கள். குஞ்சின் சாம்பல் நிறப் பஞ்சு இறகு காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. எண்ணெய் பூசிய ஓட்டு இறகு முளைப்பதற்குள் பனி உடைந்தால் அதனால் நீந்த முடியாது.

எவரெஸ்ட்டில் ஏறிய எட்மண்ட் ஹிலாரியை உங்களுக்குத் தெரியும். 1957-இல் அவர் சில நண்பர்களோடு டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு கேப் குரோசியருக்குப் போனார். வில்சன் அடுக்கிய கற்சுவர் அந்தச் சரிவில் அப்படியே இருந்தது. பக்கத்தில், விட்டுப்போன சறுக்கு வண்டியும் கிடந்தது.